ஏரிக்கரைக்குத் தார் எதற்கு?

மேட்டூரிலிருந்து மைசூருக்குப் போகும் பேருந்து பாலாற்றுப் பாலத்தைத் தாண்டி, மாதேஸ்வரன் மலையின் வளைவுகளில் ஏறி இறங்கி, தாளபெட்டாவைக் கடந்து சற்று மூச்சு வாங்கும் ஊர் கௌதள்ளி. இங்கே ஒரே டீக்கடையில் ஒருவர் தமிழில் கேட்பார், இன்னொருவர் கன்னடத்தில் பதில் சொல்வார், இருவருக்கும் அது விசேஷமாகத் தெரியாது. 1956 வரை இந்த ஊரையும் உள்ளடக்கிய கொள்ளேகால் தாலுகா முழுவதும் சென்னை மாகாணத்தின் கோவை மாவட்டத்தில் இருந்தது. மொழிவழி மாநிலப் பிரிவினையில் மைசூரோடு சேர்ந்தது. 1997-இல் சாமராஜநகர் தனி மாவட்டமானபோது அதற்குள் வந்தது. ஆனாலும் ஊர்க்காரர்களுக்குப் பெரிய ஆஸ்பத்திரி, காலேஜ், ஜவுளி என்றால் இன்றும் மைசூர்தான்.

இந்த ஊருக்கு இரண்டு வகைச் சாலைகள் உண்டு. ஒன்று எல்லோருக்கும் தெரிந்த தார்ச்சாலை. அமாவாசை வந்துவிட்டால் மாதேஸ்வரனைப் பார்க்கச் சேலம், ஈரோடு, பெங்களூரு, மண்டியா என்று எல்லாத் திசையிலிருந்தும் வேன்களும் கார்களும் அதில் வரிசை கட்டும். பள்ளிக்குச் சைக்கிளில் போகும் பிள்ளை அன்றைக்குச் சாலையை விட்டு ஓரத்துப் புழுதியில் இறங்கித்தான் மிதிக்க வேண்டும். இரண்டாவது வகை, கணக்கில் வராத சாலைகள். ஏரிக்கரைகள், வாய்க்கால் கரைகள், ராகிக் கொல்லைகளுக்கு நடுவே போகும் வண்டித் தடங்கள். செம்மண்ணும் சரளையும் கலந்த பாதைகள் இவை. ஊரிலிருந்து ஊருக்கு இவற்றின் வழியாகவே போய்விடலாம். மோட்டார் வண்டி அபூர்வம். ஆடு, மாடு, தலையில் புல்கட்டோடு வரும் பெண்கள், அவ்வளவுதான் போக்குவரத்து.

உலகம் இப்போது காசு கொடுத்துத் தேடும் சரக்கு இந்த இரண்டாவது வகைதான். மோட்டார் இல்லாத, நீர்நிலையை ஒட்டிய, தார் போடாத சைக்கிள் பாதை. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இதற்கென்றே ‘கிராவல்’ என்ற பெயரில் தனிச் சைக்கிள், தனிப் பந்தயம், தனிச் சுற்றுலா எல்லாம் வளர்ந்துவிட்டன. அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் எம்போரியா என்ற சிற்றூரில் 2006-இல் சிலர் சேர்ந்து தொடங்கிய 200 மைல் சரளைச் சாலைப் பந்தயம் இன்று உலகப் புகழ் பெற்றது. சர்வதேச சைக்கிள் சம்மேளனம் 2022-இல் இத்தாலியில் இதற்கு உலகச் சாம்பியன் போட்டியே நடத்திவிட்டது. அவர்கள் தேடிப் போகும் பாதை கொள்ளேகால், ஹனூர் வட்டாரத்தில் பாதி தயாராகக் கிடக்கிறது. நாமோ தார் போட்டு அதை ஒழிப்பதற்கு டெண்டர் விடுகிறோம்.

பழைய மைசூர் சமஸ்தானத்தின் நிலம் ஏரிகளால் பின்னப்பட்டது. 1860-களில் மைசூரின் தலைமைப் பொறியாளராக இருந்தவர் ரிச்சர்ட் சாங்கி. பெங்களூருவின் சாங்கி ஏரி அவர் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது. இந்த நாட்டில் புதிதாக ஓர் ஏரி கட்ட இடம் கண்டுபிடிப்பதற்கே தனிச் சாமர்த்தியம் வேண்டும் என்ற பொருள்பட அவர் 1866-இல் எழுதினார். அவ்வளவு நெருக்கமாக முன்னோர்கள் கட்டி வைத்திருந்தார்கள். மேல் ஏரி நிறைந்தால் கோடி வழியாகக் கீழ் ஏரிக்கு, அது நிறைந்தால் அதற்கும் கீழே என்று சங்கிலித் தொடர். நீருக்கு அது வழி என்றால், மனிதருக்கு வழி கரை. பள்ளத்தாக்குக்குக் குறுக்கே போட்ட கரை, இந்தப் பக்கத்து மேட்டையும் அந்தப் பக்கத்து மேட்டையும் சேர்க்கிறது. மழைக்காலத்தில் பள்ளம் முழுக்கச் சேறாகும்போது காய்ந்து கிடப்பது கரையின் உச்சி மட்டும்தான். சந்தைக்கும் கோயிலுக்கும் நடந்தவர்கள் அதன் மேல்தான் நடந்தார்கள்.

பழைய ஏரிகள் மட்டுமல்ல. கொள்ளேகாலுக்கும் பிளிகிரிரங்கன் மலைக்கும் இடையே குண்டால் அணை இருக்கிறது. ஹனூர்ப் பக்கம் உடுதொரெஹள்ள அணை இருக்கிறது. மலையைத் தாண்டித் தமிழக எல்லைக்குப் போனால் கோபிநத்தம் நீர்த்தேக்கம். அதற்கும் அப்பால், 1934-இல் கட்டி முடித்த மேட்டூர் அணையின் பின்தேக்கம். தண்ணீர் இறங்கும் காலத்தில் பண்ணவாடிப் பக்கம் பழைய நந்தி சிலையும் தேவாலயக் கோபுரமும் தலைகாட்டும்போது, வெளியே வரும் மேட்டு நிலத்தில் விவசாயிகள் பயிர் வைப்பார்கள். அந்தப் பயிர்களுக்கு நடுவேயும் சைக்கிள் தடம் உண்டு.

ஏரிக்கரைக்குத் தார் போடுவது முன்னேற்றம் என்று கிராமங்களில் நினைப்பதில் வியப்பில்லை. தார்ச்சாலை வந்தால் பேருந்து வரும், பால் வண்டி வரும், பிரசவ வலி எடுத்த பெண்ணுக்கு ஆம்புலன்ஸ் வரும். ஊருக்குத் தார்ச்சாலை கேட்பவரிடம் சரளையின் அழகைப் பற்றிப் பேசுவது நகரத்துக்காரரின் திமிர். ஆகவே ஊர்ச்சாலைக்குத் தார் கட்டாயம் வேண்டும். ஆனால் ஊர்ச்சாலை வேறு, ஏரிக்கரை வேறு.

ஏரிக்கரை ஒரு மண் கட்டுமானம். மண்ணைப் படிப்படியாகக் கொட்டி, நனைத்து, மிதித்து இறுக்கிய உடம்பு அது. ஏரி நிறையும்போதும் வற்றும்போதும் ஈரத்தால் உப்பி, காய்ந்து சுருங்கிக் கொஞ்சம் கொஞ்சமாக அமர்ந்துகொண்டே இருக்கும். அதன் தலையில் சரளை பரப்பினால் அந்த அசைவோடு அதுவும் அசைந்து கொடுக்கும். பள்ளம் விழுந்தால் ஒரு கூடை மண் போதும். தார் போட்டால் கரை அமரும்போது நீளவாக்கில் வெடிக்கும். வெடிப்பு வழியே மழைநீர் உள்ளே இறங்கும். கரையில் எலி வளை, முள்ளம்பன்றிப் பொந்து, பின்சரிவில் ஈரக் கசிவு என்று எது வந்தாலும் ஏரி உடைவதற்கு முன் கண்ணில் பட்டாக வேண்டும். தாருக்கு அடியில் நடப்பது யாருக்கும் தெரியாது. போதாக்குறைக்குத் தார் வந்த மறுவாரமே மணல் லாரியும் செங்கல் லாரியும் வந்துவிடும், கனமான வண்டியைச் சுமப்பதற்காக அந்தக் கரை கட்டப்படவில்லை என்றாலும். அதற்கடுத்த வருடம் ஏரியின் உள்வாயில் கல் நட்டு மனை பிரிப்பார்கள்.

நீர்க்கரையில் மோட்டார் ஓடுவதன் விலை என்னவென்று மண்டியா மாவட்டத்துக்குத் தெரியும். 2018 நவம்பர் 24 அன்று பாண்டவபுரா தாலுகா கனகனமரடி அருகே தனியார் பேருந்து ஒன்று விஸ்வேஸ்வரய்யா கால்வாயில் பாய்ந்து 30 பேர் இறந்தார்கள். பள்ளி விட்டு வீடு திரும்பிய பிள்ளைகள் அதில் பலர். அதற்குப் பிறகும் அந்த மாவட்டத்தில் கார்கள் கால்வாயில் விழுந்துகொண்டுதான் இருக்கின்றன. ஒவ்வொரு முறையும் தடுப்புச் சுவர் ஏன் இல்லை என்று கேள்வி எழுகிறது. நியாயமான கேள்விதான். கால்வாயைப் பராமரிக்க வைத்த கரைப்பாதை பேருந்து ஓடும் சாலையாக எப்போது மாறியது என்ற கேள்வியையும் சேர்த்துக் கேட்டிருக்கலாம்.

இதே கேள்வியை அமெரிக்கத் தலைநகரில் ஒருவர் எழுபது ஆண்டுகளுக்கு முன் கேட்டார். வாஷிங்டனிலிருந்து கம்பர்லாண்ட் வரை பொட்டோமாக் ஆற்றை ஒட்டி 184.5 மைல், அதாவது ஏறத்தாழ 297 கிலோமீட்டர் நீளத்துக்குப் பழைய படகுக் கால்வாய் ஒன்று ஓடுகிறது. செசபீக் – ஒஹாயோ கால்வாய் என்று பெயர். அந்தக் காலத்தில் படகுகளைக் கோவேறு கழுதைகள் கரையிலிருந்து கயிறு கட்டி இழுத்துச் சென்றன. அவை நடந்த மண்பாதை கால்வாய் கைவிடப்பட்ட பின்னும் கிடந்தது. அதன் மேல் கார் ஓடும் சாலை போடலாம் என்று திட்டம் வந்தது. 1954 ஜனவரியில் ‘வாஷிங்டன் போஸ்ட்’ அதை ஆதரித்துத் தலையங்கம் எழுதியது.

உச்ச நீதிமன்ற நீதிபதி வில்லியம் டக்ளஸ் அந்தத் தலையங்கத்தைப் படித்துவிட்டுப் பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். தீர்ப்பு நடையில் அல்ல, சவால் நடையில். எழுதிய ஆசிரியர் என்னோடு அந்தப் பாதையை முழுக்க நடந்து பார்க்கட்டும், பிறகும் அங்கே கார் ஓடலாம் என்று தோன்றுகிறதா பார்ப்போம் என்பது அதன் சாரம். ஆசிரியர்கள் சவாலை ஏற்றார்கள். மார்ச் மாதம் கம்பர்லாண்டிலிருந்து பெரிய கூட்டமே கிளம்பியது. பனியிலும் மழையிலும் எட்டு நாள் நடை. முழுத் தூரத்தையும் நடந்து முடித்தவர்கள் டக்ளஸையும் சேர்த்து ஒன்பது பேர். ஆசிரியர்களின் காலில் கொப்புளம் வந்தது, பத்திரிகையின் நிலைப்பாடும் மாறியது. கார்ச்சாலைத் திட்டம் கைவிடப்பட்டது. 1971-இல் அந்தக் கால்வாய் முழுவதும் தேசிய வரலாற்றுப் பூங்காவானது. இன்று அந்தச் சரளைப் பாதையில் மோட்டார் வண்டிக்கு இடமில்லை. சைக்கிளில் வருபவர்களை நம்பிக் கரையோரச் சிற்றூர்களில் விடுதிகளும் சாப்பாட்டுக் கடைகளும் பிழைக்கின்றன. நம் ஊர்ப் பத்திரிகை ஆசிரியர்களை யாராவது குண்டால் அணைக்கரைக்கு இப்படிக் கூப்பிட்டால் எத்தனை பேர் வருவார்கள் என்பது தனி விஷயம்.

இத்தாலியின் தஸ்கனிக்கும் ஒரு கதை உண்டு. அங்கே திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே சுண்ணாம்புச் சரளை பரப்பிய வெள்ளைச் சாலைகள் ஒவ்வொன்றாகத் தாருக்குள் மறைந்துகொண்டிருந்தன. 1997-இல் கயோலே என்ற ஊரில் சிலர், பழைய சைக்கிளும் கம்பளிச் சட்டையுமாக அந்தச் சாலைகளில் ஒருநாள் ஓட்டலாம் என்று விழா வைத்தார்கள். ‘லெரோய்கா’ என்று பெயர். முதல் ஆண்டு நூறு பேர்கூடச் சேரவில்லை. பிறகு ஆயிரக்கணக்கில் வந்தார்கள். 2007 முதல் தொழில்முறை வீரர்களின் பெரும்பந்தயமும் அதே வெள்ளைச் சாலைகளில் நடக்கிறது. ஒருகாலத்தில் பின்தங்கிய நிலைக்கு அடையாளமாக இருந்த மண்சாலைகளை இப்போது தொட விடமாட்டார்கள். அவற்றைப் பார்க்கத்தானே ஊருக்கு ஆள் வருகிறது!

அங்கே அப்படி, இங்கே இரண்டு லட்ச ரூபாய்ச் சைக்கிளுக்கு எங்கே போவது என்று கேட்கலாம். அந்தச் சைக்கிளின் ரகசியம் அதன் டயரில் இருக்கிறது. பந்தயச் சைக்கிளைப் போல மெலிந்ததாக இல்லாமல் சுமார் 40 மில்லிமீட்டர் அகலத்தில் இருப்பதால் சரளையில் வழுக்காமல் மிதந்து போகும். நம் அப்பாமார்கள் ஓட்டிய 28 அங்குலக் கறுப்புச் சைக்கிள் இருக்கிறதே, ஹெர்குலிஸ், அட்லஸ் என்று கேரியரில் அரிசி மூட்டையும் முன்பாரில் பிள்ளையுமாக ஊரைச் சுற்றிய வண்டி, அதன் டயர் ஒன்றரை அங்குலம். சர்வதேச அளவுக் குறியீட்டில் அதுவும் 40 மில்லிமீட்டர்தான். மண்சாலைக்கான வண்டியை இந்தியா நூறு வருடமாக ஓட்டிக்கொண்டிருக்கிறது, விளம்பரம்தான் செய்யவில்லை.

ஆக, இந்தப் பாதைகள் யாருக்கு என்பதில் குழப்பம் தேவையில்லை. ஞாயிற்றுக்கிழமை ஹெல்மெட்டும் கறுப்புக் கண்ணாடியுமாக மைசூரிலிருந்தும் பெங்களூருவிலிருந்தும் வருபவர்கள் வரட்டும், இளநீர் குடிக்கட்டும், நல்லதுதான். முதல் உரிமை ஊர்க்காரருக்கு. கர்நாடக அரசு 2006–07 முதல் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இலவசச் சைக்கிள் கொடுத்து வந்தது. கொரோனாவுக்குப் பிறகு திட்டம் நின்றுபோனது. கொடுத்த காலத்திலும் அந்தச் சைக்கிளை எங்கே ஓட்டுவது என்று ஒருவரும் யோசிக்கவில்லை. லாரிக்கும் வேனுக்கும் நடுவே பெண்பிள்ளையைச் சைக்கிளில் அனுப்ப எந்த அம்மாவுக்கு மனம் வரும்? ஏரிக்கரை வழியே போக முடிந்தால் அனுப்புவாள்.

மைசூர் நகரம் இதில் முன்னோடியாக முயன்றது. 2017 ஜூனில் ‘ட்ரின் ட்ரின்’ என்ற பெயரில் பொதுச் சைக்கிள் பகிர்வுத் திட்டம் அங்கே தொடங்கியது. 450 சைக்கிள்கள், நகரெங்கும் நிறுத்தங்கள். சுற்றுலாப் பயணிகளும் மாணவர்களும் ஆசையாகவே எடுத்தார்கள். ஆனால் சைக்கிள் கிடைத்த வேகத்தில் சைக்கிளுக்கான தடம் கிடைக்கவில்லை. அதே நகரத்தில், மும்மடி கிருஷ்ணராஜ உடையார் காலத்தில் 1864-இல் உருவான குக்கரஹள்ளி ஏரியைச் சுற்றி மண்பாதை ஒன்று இருக்கிறது. பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் உள்ள ஏரி. மகாகவி குவெம்பு அங்கே உலாவியதால் அவர் பெயரும் அந்தப் பாதையோடு ஒட்டிக்கொண்டது. அங்கே கார் வராது. வர வேண்டும் என்று யாரும் கேட்பதும் இல்லை. நகரத்தின் நடுவே ஓர் ஏரிக்கரையைத் தலைமுறை தலைமுறையாக மோட்டார் இல்லாமல் வைத்துக்கொள்ள முடிந்தவர்களுக்குக் கிராமத்தில் முடியாதா?

முடியும், அழகுபடுத்தும் ஆசை வராத வரைக்கும். கோவையில் உக்கடம் பெரியகுளம், வாலாங்குளம் கரைகளை ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் மாற்றினார்கள். நடைபாதை, சைக்கிள் தடம், விளக்கு, செல்ஃபி எடுக்கும் இடம் எல்லாம் வந்தன. மாலை நேரத்தில் குடும்பங்கள் கூடுகின்றன, அதைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் கரை சிமெண்ட் ஆனது. இரவெல்லாம் விளக்கு எரியும் குளத்தில் பறவைக்கு இரவு இல்லை. சைக்கிள் தடமோ நடப்பவர்களால் நிறைந்து, சைக்கிள் மணி அடித்து மன்னிப்புக் கேட்டுக்கொண்டே போக வேண்டிய நிலை. நகரத்தில் அது சமரசம் என்று விட்டுவிடலாம். அதே மாதிரியைச் சிறு ஏரிகளுக்குக் கொண்டுபோனால் செலவு கோடிகளில், பயன் திறப்பு விழா அன்று.

நல்ல மாதிரி கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. இலங்கையின் பொலன்னறுவையில் 12-ஆம் நூற்றாண்டில் பராக்கிரமபாகு விரிவாக்கிய பராக்கிரம சமுத்திரத்தின் கரை சுமார் 14 கிலோமீட்டர். விடுதிகளில் நாள் வாடகைக்குச் சைக்கிள் கிடைக்கும். வெளிநாட்டுக்காரர்கள் அதை எடுத்துக்கொண்டு ஏரியோரமும் இடிபாடுகளுக்கு நடுவேயும் சுற்றுவார்கள். யாரும் அதற்காகத் தனிப் பாலமோ கூரையோ போடவில்லை. ஹைதராபாத்தில் வெளிவட்டச் சாலையை ஒட்டி 2023-இல் 23 கிலோமீட்டருக்குச் சோலார் கூரை போட்ட சைக்கிள் தடம் திறந்தார்கள். பார்க்கப் பிரமாதம். அந்தப் பணத்தில் எத்தனை ஏரிக்கரைகளில் முள் வெட்டியிருக்கலாம் என்ற எண்ணம் வராமல் இல்லை.

முள் சின்ன விஷயமில்லை. தமிழ்நாட்டின் ஏரிக்கரைகளில் சைக்கிளை நிறுத்துவது பெரும்பாலும் சீமைக் கருவேல முள்தான். ஹனூர்ப் பக்கம் காட்டோரங்களில் உண்ணிச்செடி பாதையை மூடிவிடுகிறது. ஒரு மழைக்காலம் வெட்டாமல் விட்டால் பாதை காணாமல் போகும். சரளைப் பாதைக்குச் செலவு குறைவு என்பது உண்மை, செலவே இல்லை என்பது பொய். நடுவில் சற்று உயர்த்தி இரு பக்கமும் சரிவு வைத்துத் தண்ணீர் ஓட விட வேண்டும். மழைக்குப் பின் குழிகளை நிரப்ப வேண்டும். இதையெல்லாம் செய்ய முன்பு ஊருக்கு ஓர் ஆள் இருந்தார். மைசூர்ப் பக்கம் நீர்கண்டி என்பார்கள், தமிழகத்தில் நீர்க்கட்டி. மதகைத் திறப்பதும் மூடுவதும், கரையை நாள்தோறும் நடந்து பார்ப்பதும் அவர் வேலை. அறுவடையில் அவருக்குப் பங்கு. ஏரிகள் அரசாங்கத் துறைகளிடம் போனபின் அந்தப் பங்கும் போனது, ஆளும் போனார். கர்நாடகத்தில் 40 ஹெக்டேர் வரை பாசனம் தரும் ஏரி பஞ்சாயத்துக்கு, அதற்கு மேல் சிறுபாசனத் துறைக்கு என்று பிரித்திருக்கிறார்கள். சங்கிலித் தொடராக இருக்கும் ஏரிகளுக்கு இரண்டு வீட்டுக்காரர்கள். கரையைத் தினமும் பார்ப்பவர் எந்த வீட்டிலும் இல்லை.

காட்டையும் மறக்கக் கூடாது. 906 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள மலைமாதேஸ்வரா காட்டுயிர்ச் சரணாலயம் 2013-இல் அறிவிக்கப்பட்டது. கௌதள்ளிக்கு அருகிலேயே அதன் எல்லை தொடங்குகிறது. மாலை மயங்கினால் யானைக் கூட்டம் தண்ணீருக்கு ஏரிக்கு வரும், விடியும்வரை கரை அவற்றுடையது. 2025 ஜூனில் இதே சரணாலயத்தின் ஹூக்யம் சரகத்தில் ஒரு தாய்ப்புலியும் நான்கு குட்டிகளும் விஷம் வைத்துக் கொல்லப்பட்ட செய்தி நாட்டையே உலுக்கியது. மாட்டைப் பறிகொடுக்கும் மனிதருக்கும் காட்டுக்கும் இடையிலான பகை அவ்வளவு முற்றியிருக்கும் இடத்தில், சாகசம் என்ற பெயரில் காட்டுக்குள் சைக்கிள் விடுவது புத்தியில்லாத வேலை. பாதை பட்டா நிலத்துக்கும் ஊர் ஏரிகளுக்கும் நடுவே மட்டும் போக வேண்டும். பொழுது விடிந்த பிறகு தொடங்கி வெயில் சாய்வதற்குள் முடிய வேண்டும். தார் போட்ட கரையில் இரவிலும் வண்டி ஓடும் என்பதையும் இதோடு சேர்த்துப் பார்க்கலாம்.

இந்த மண்சாலைகளுக்கு வேறொரு நினைவும் உண்டு. 1992 மே மாதம் பக்கத்து ராமாபுரம் காவல் நிலையத்தை வீரப்பன் கும்பல் தாக்கிக் காவலர்களைக் கொன்றது. அடுத்த பன்னிரண்டு ஆண்டுகள் இந்தப் பக்கத்து வண்டித் தடங்களில் அதிரடிப்படை ஜீப்புகள்தான் ஓடின. விறகுக்குப் போனவரையும் ஆடு மேய்த்தவரையும் இரு தரப்பும் சந்தேகித்த காலம். 2004 அக்டோபரில் அது முடிந்தது. இன்று வீரப்பன் பிறந்த கோபிநத்தத்திலேயே நீர்த்தேக்கத்துக்கு அருகில் அரசுச் சுற்றுலா நிறுவனம் முகாம் நடத்துகிறது. பயந்து ஒதுங்கிய பாதைகளில் மக்கள் மறுபடி நிம்மதியாகப் போய்வரத் தொடங்கி அதிக காலம் ஆகவில்லை.

கௌதள்ளி, ஹனூர், கொள்ளேகால் வட்டாரத்தில் செய்ய வேண்டியதை ஒரு கிராமசபைக் கூட்டத்தில் முடித்துவிடலாம். எந்தெந்தக் கரைக்குத் தார் கிடையாது என்று தீர்மானம் போடுவது முதல் வேலை. இரண்டாவது, கரையின் இரு முனையிலும் கல் தூண் நடுவது. தூண்களுக்கு நடுவே நான்கு அடி விட்டால் சைக்கிள் போகும், மாடு போகும், புல்கட்டுக்காரர் போவார், கார் போகாது. அறுவடைக் காலத்து மாட்டு வண்டிக்கு ஒரு தூணைக் கழற்றி மாட்டுகிற மாதிரி வைத்துச் சாவியைப் பஞ்சாயத்தில் கொடுக்கலாம். முள் வெட்டுவதும் சரளை நிரப்புவதும் ஊரக வேலைத் திட்டத்திலேயே சேரும்.

சிக்கல் பைக்கில்தான் இருக்கிறது. நான்கு அடியில் புல்லட்டும் நுழையும், மூன்று அடியிலும் நுழையும், மாடு நுழைகிற எந்தச் சந்திலும் நுழையும். கல்லால் அதைத் தடுக்க முடியாது. கரையில் தினமும் நடக்கிற, ஊரில் எல்லோருக்கும் தெரிந்த, “தம்பி, வண்டியைத் திருப்பு” என்று சொன்னால் திருப்ப வைக்கிற ஒரு நீர்கண்டியால்தான் முடியும். அவருக்கு மாதச் சம்பளம் யார் கணக்கில் என்பதைப் பஞ்சாயத்தும் சிறுபாசனத் துறையும் முதலில் பேசி முடிக்கட்டும்.